கண் திறக்க நல்ல நாள்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே புதுக்குளம் காலனியில், பழைய ரேஷன் கடைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து ஓவியக்கூடம் என்று பெயர் வைத்த வருஷம், காக்கைகூடப் பறக்கச் சோம்பல்பட்ட சித்திரை மாதத்தில், ஆவுடைத்தங்கம் என்கிற நாற்பத்தெட்டு வயதுக்காரி ஒரு மர ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் போனாள், அதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம், காலனியில் ஒருத்தரும் கேட்கவில்லை.

காலனிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கராத்தே உண்டு, நீச்சல் உண்டு, செஸ் உண்டு. பெரியவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை, மின்விசிறிக்கு அடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துக் கிடப்பதைத் தவிர. அதனால் நலச் சங்கத்தார் கூடிப் பேசி, 'கோடைக்கால ஓவிய வகுப்பு, பெரியவர்களுக்கு மட்டும்' என்று போர்டு எழுதி மாட்டினார்கள். சொல்லிக்கொடுக்க எப்சிபா வந்தாள். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பெண், வயது இருபத்தாறு, தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களை அதட்டத் தெரியாதவள். அந்த ஒரு குறைதான் இவ்வளவுக்கும் இடம் கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஆவுடைத்தங்கம் தன் மகள் சுபலட்சுமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளை டிராயிங் கிளாஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், வராந்தாவில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தவள். மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள், வரைவதை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டாள், எட்டிப் பார்த்தவளுக்குத்தான் ஆசை விடவில்லை. போர்டைப் பார்த்ததும் கணவரிடம் சொன்னாள். கணவர் குத்தாலிங்கம், பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், "ஒனக்கெதுக்குளா இதெல்லாம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார் என்பதால் அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்வரிசையில் இருந்த ஓவியக்கூடத்துக்குப் போனாள். முதல் நாள் ஒரு செம்பு வரைந்தாள். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். தினமும் தேய்க்கிற செம்புதான், ஆனாலும் வெள்ளைத் தாளில் அது வயிறு பருத்து நின்றபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஆளைப் பார்த்து வரைகிற பாடம். உட்கார ஒப்புக்கொண்டிருந்த வாட்ச்மேன் வரவில்லை. "யாராவது ஒருத்தங்க வந்து உட்கார முடியுமா?" என்று எப்சிபா கேட்டாள். எல்லோரும் மும்முரமாகப் பென்சில் சீவினார்கள். இப்படி எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிற நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாதவள் ஒருத்தி எந்தக் கூட்டத்திலும் இருப்பாள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவள், போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நின்று அடுத்தவர் குழந்தையைப் பிடித்துக்கொள்கிறவள் அவள்தான். ஆவுடைத்தங்கம் எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், கண்ணிலிருந்து தொடங்கினால் முகம் சுலபமாக வரும் என்றாள் எப்சிபா. ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் வேலாயுதம் சார் கையைத் தூக்கினார். கையில் பென்சில் இல்லாவிட்டாலும் பையில் பஞ்சாங்கம் இல்லாமல் அவர் வீட்டுப் படி இறங்குவதில்லை.

"டீச்சர், கோவிலுக்குச் சிலை செய்யுதவன் எதைக் கடைசியாச் செய்வான்? கண்ணை. நாள் பாத்து, நேரம் பாத்து, கடைசியாத்தான் கண்ணைத் தொறப்பான். முதல்லயே தொறந்துட்டா அது முழிச்சிக்கிடும்லா. பெறவு நாம மூக்கு வைக்கும்போது அதுக்கு வலிக்காதா?"

"இது சிலை இல்லையே சார், சும்மா ஒரு படம்தானே" என்று எப்சிபா சொல்லிப் பார்த்தாள்.

"உருவம்னு வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்தக் கூடத்தில் நெட்டையும் குட்டையுமாக, கோணலும் நேருமாக, ஏகப்பட்ட ஆவுடைத்தங்கங்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்திக்கும் கண் இல்லை. வேலாயுதம் சார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மறுநாள் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. கத்திரி முடிகிறவரைக்கும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டோம், கிணறு வெட்ட மாட்டோம், கண்ணை மட்டும் திறக்கலாமா? கத்திரி கழியட்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் தூரிகையைக் கழுவினார்கள், பையை எடுத்தார்கள், எழுந்தார்கள், ஆவுடைத்தங்கமும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இடுப்புக்கு மேலே ஒரு குறையும் இல்லை. கையை நீட்டினாள், கழுத்தைத் திருப்பினாள், தும்மினாள். இடுப்புக்குக் கீழேதான் அவள் படமாகியிருந்தாள். நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், அவள் ஸ்டூலை விட்டு வரவில்லை, ஸ்டூல் தரையை விட்டு வரவில்லை. டாக்டர் வந்து முட்டியைச் சின்னச் சுத்தியலால் தட்டினார், முட்டி அசையவில்லை, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பெண்கள் முதலில் காதோடு காதாகக் கேட்டது, "ஏக்கா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு எப்படி?" என்பதைத்தான். அந்த உபத்திரவம் அவளுக்கு இல்லை. படத்துக்கு ஏது கக்கூஸ்? பசியும் எடுக்கவில்லை, ஆனால் நாக்குக்கு ருசி தெரிந்தது; வியர்க்கவில்லை, உடம்பில் அழுக்கு ஏறவில்லை, மாம்பழக் கலர் சேலை கொசுவம்கூடக் கலையாமல் வரைந்தபடியே இருந்தது. மதுரை பஸ்ஸில் அடக்கிக்கொண்டே போய் அடக்கிக்கொண்டே திரும்புகிற பெண்கள் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்கள், கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

காரணத்தை எப்சிபாதான் கண்டுபிடித்தாள், அதுவும் தற்செயலாக. மற்றவர்களுக்கு மாதிரி காட்ட அவளும் ஒரு படம் வரைந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கத்திரியும் தெரியாது, கரிநாளும் தெரியாது, மறுநாள் காலையில் வந்து கண்ணை வரைந்து முடித்தாள். முடித்த கணத்தில் ஆவுடைத்தங்கத்தின் இடது கால் கட்டைவிரல் ஆடியது. ஆக எல்லோரும் கண்ணை வரைந்துவிட்டால் இவள் எழுந்துவிடலாம். விஷயம் அவ்வளவு சின்னது.

"அப்போ போட்டுருங்களேன்" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"அவசரப்பட்டா ஆகுமா தாயி?" என்றார் வேலாயுதம் சார். "கத்திரியில தொறந்த கண்ணு எரிச்சலும் புகைச்சலுமாத்தான் இருக்கும். யாருக்குப் பாவம்? ஒனக்குத்தான. செத்த பொறுத்துக்கோ."

அவர் உண்மையிலேயே அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். எல்லோருமே அவளிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். சங்கத்தார் ஒரு டேபிள் ஃபேன் வைத்தார்கள், ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினார்கள், ஆளாளுக்கு நன்னாரி சர்பத்தும் நுங்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கைதான் சும்மா இருக்கிறதே என்று ஒருத்தி முருங்கைக்கீரையை உருவக் கொடுத்தாள், இன்னொருத்தி பூண்டு உரிக்கக் கொடுத்தாள், பிறகு பூக் கட்ட, பட்டன் தைக்க, பரீட்சை எழுதப் போகிற பெண்ணுக்கு ஜடை போட என்று ஒவ்வொன்றாக வந்தது; தூங்குகிற குழந்தைகளை அவள் மடியில் கிடத்திவிட்டுத் தாய்மார் நிம்மதியாகச் சினிமாவுக்குப் போனார்கள், ஏனென்றால் அவளைப் போல நம்பி விட்டுப்போகத் தோதான ஆள் காலனியில் வேறு யாரும் இல்லை, அவள் எங்கேயும் போய்விட மாட்டாள்; கூரியர்காரர்கள் பூட்டிய வீட்டுப் பார்சலை எல்லாம் அவளிடம் கொடுத்தார்கள், மாமியார் வீட்டில் சொல்ல முடியாததை மருமகள்கள் வந்து சொன்னார்கள், மருமகளிடம் சொல்ல முடியாததை அதே நாளில் மாமியார்கள் வந்து சொன்னார்கள், மினி பஸ் கண்டக்டர் 'உக்காந்தம்மா ஸ்டாப்பு எறங்கு' என்று கூவ ஆரம்பித்தார், அதுவரைக்கும் அந்த நிறுத்தத்துக்குப் பெயரே கிடையாது.

யாரோ அவள் காலடியில் ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டு, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சத்தம் போட்டாள். "சே, சே" என்று பதறிப் பூவை எடுத்துத் தலையில் வைத்துவிட்டார்கள்.

வீடு எதிரே இருந்தது, அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. குத்தாலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, கடுகு எங்கன இருக்கு?" என்று கேட்பார், அவள் இங்கிருந்து, "அடித்தட்டுல, நீல மூடி டப்பா" என்பாள். "புளி எம்புட்டு?" "நெல்லிக்காய் அளவு." "பால்காரனுக்குச் சொல்லணுமா?" "நான் சொல்லியாச்சு." வெயிலில் தெருவுக்குக் குறுக்கே இந்தக் குரல்கள் போய் வந்துகொண்டே இருந்தன. நின்றுகொண்டு செய்ததை இப்போது உட்கார்ந்துகொண்டு செய்கிறாள், அவ்வளவுதானே என்று ஊர் சொன்னது. மகள் வீடியோ காலில் வந்து முதலில் அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தாம்மா நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுக்க" என்றாள். அந்த ஒரு சொல்லை ஆவுடைத்தங்கத்தால் விழுங்க முடியவில்லை.

அவளுடைய ஓவியப் பலகை காலியாக நின்றது. காலியாக எது நின்றாலும் குத்தாலிங்கத்துக்குப் பொறுக்காது, டெப்போவில் பஸ் நின்றாலும் சரி. ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். அவள் வரைந்த செம்பைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் கலர் குழைத்துப் பார்த்துவிட்டு, புதுத் தாளை மாட்டி அவரும் அவளையே வரையத் தொடங்கினார். யாரும் எதிர்பார்க்கவில்லை, மனிதருக்குக் கை நன்றாக வந்தது. சேலை மடிப்பு, வளையல், பித்தளை மெட்டி, முழங்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு வரைக்கும் வந்தது. கண் இருக்கிற இடத்தை மட்டும் எல்லோரையும் போல வெள்ளையாக விட்டார். கண் இல்லாமல் வரையப்பட்ட அந்தப் படமும் அவளைக் கட்டிப்போட்டவற்றில் ஒன்றாகிவிட்டது. அதை இடுப்பு இன்னும் கொஞ்சம் இறுகியபோதே அவள் தெரிந்துகொண்டாள்.

கத்திரி கழிந்தது. வைகாசியில் ஒவ்வொருவரும் அவரவர் நட்சத்திரத்துக்கு நாள் பார்த்துக் கண்ணைத் திறந்தார்கள். எலுமிச்சம்பழச் சாதம், சுண்டல், மூலையில் ஒரு ஸ்பீக்கரில் நாதஸ்வரம், அக்கம்பக்கத்தாருக்கு அழைப்பு என்று கண் திறப்பு ஒவ்வொன்றும் ஒரு சின்ன விசேஷமாயிற்று. கண் திறந்த படத்தைத் துண்டால் மூடி ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஹாலில் மாட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவளில் ஏதோ ஒன்று விடுபட்டது. சுண்டுவிரல், குதிகால், கணுக்கால், கெண்டைக்கால். ஒருத்தர் மைத்துனர் வரட்டும் என்று காத்திருந்தார், ஒருத்தி சம்பந்தி வீட்டுச் சண்டை தீரட்டும் என்று காத்திருந்தாள், வேலாயுதம் சார் பத்துப் பொருத்தமும் பார்த்து ஆனியில் திறந்தார், முட்டி இரண்டும் விடுபட்டன. திருநெல்வேலியில் ஆனித் தேர் ஓடியது, காலனியே காலியாகப் போய்ப் பார்த்து வந்தது, அவள் பூட்டிய வீடுகளின் சாவிகளையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் ஸ்டூலுக்குக் கீழே தாராளமாக ஆடின, இடுப்பு மட்டும் விடவில்லை. நடக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்க முடியாமல் இருப்பது, கால் இல்லாமல் இருந்ததைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனி முடிகிற வாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம்.

"எல்லாரும் முடிச்சாச்சு" என்றாள் அவள். "நீங்க எப்போ?"

"சேலைக் கரையைப் பாத்தியா? ஜரிகை நெசமாவே மின்னுதுன்னு டீச்சரே சொன்னாக" என்றார் குத்தாலிங்கம்.

"சேலையைக் கேக்கலை."

"நாளைக்கு எனக்குச் சந்திராஷ்டமம். பெறவு ஆடி பொறந்துரும். ஆடியில நல்லது செய்யக் கூடாதுலா? ஆவணியில பாத்துக்கிடுவோம்."

"ஏங்க, எனக்கு எந்திரிக்கணும்."

அவர் தூரிகையைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நீ இங்கன இருக்கது எனக்கு ஒரு நிம்மதிளா. முன்னயெல்லாம் அடுப்படியிலயா, மாடியிலயா, மார்க்கெட்லயான்னு ஒன்னைச் சத்தம் போட்டுத் தேடணும். இப்போ ஜன்னலைத் தொறந்தா இருக்க. தூங்கப் போம்போது பாத்தாலும் இருக்க, முழிச்சுப் பாத்தாலும் இருக்க."

அவர் அதைப் பிரியமாகத்தான் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்னதிலேயே பிரியமான பேச்சு அதுதான், அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. இவர் கெட்ட மனுஷர் என்றால் திட்டிவிடலாம். ஆவணி வரும், ஆவணியில் ஒரு காரணம் வரும், பிறகு புரட்டாசி வரும். தான் இந்த ஸ்டூலிலேயே கிழவியாகிவிடுவோம், எல்லோரும் தன்னிடம் ரொம்ப நல்லவர்களாகவே இருப்பார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆடி பிறந்த அன்று காலையில் ஆவுடைத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூங்குகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்கள். குழந்தையைக் கிடத்த வந்தவள் மடி விரியாததைப் பார்த்துத் திரும்பிப்போனாள். கீரைக்கட்டு வாடிக் கிடந்தது. குத்தாலிங்கம் ஜன்னலிலிருந்து, "மல்லிப்பொடி எங்கன இருக்கு?" என்று தொண்டை வறளக் கத்தினார், பதில் வரவில்லை, கையில் கிடைத்ததைப் போட்டு வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று ஊர் விட்டிருக்கும். மத்தியானத்துக்குள் வேலாயுதம் சார் மனைவி தலைவிரி கோலமாகத் தெருவுக்கு ஓடிவந்தாள். அவர்கள் ஹாலில் மாட்டியிருந்த படம் கண்ணை மூடிவிட்டது. அழியவில்லை, உதிரவில்லை; இமை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த வீட்டிலும் அப்படி, அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படி. எப்சிபாவின் மாதிரிப் படமும் மூடிக்கொண்டது, ஆனால் அவள் மட்டும் பதறவில்லை, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கண்மூடிய படம் வீட்டில் இருந்தால் விளங்குமா? கழற்றி வைக்கவும் பயம், மாட்டி வைக்கவும் பயம். கோடை முழுக்க அவள் கெஞ்சியதைக் கேட்காத காதுகள் எல்லாம் ஹாலில் மாட்டிய படம் கண்ணை மூடியதும் திறந்துகொண்டன. ஊரே குத்தாலிங்கத்தின் வாசலில் திரண்டது.

"ஆடியாவது, அமாவாசையாவது, ஆபத்துக்குப் பாவமில்லை" என்றார் வேலாயுதம் சார், அவருக்கே தன் வாயில் அது வந்தது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை ஒம்பதரையிலேர்ந்து பத்தரை நல்ல நேரம். கண்ணை வச்சிரும்வே!"

குத்தாலிங்கம் அன்றைக்கே ஓவியக்கூடத்துக்கு வந்து ஸ்டூலுக்கு முன்னால் குனிந்து நின்றார். "ஏளா, செத்த தொறயேன். ஒரு தடவை பாத்துக்கிட்டா வரைஞ்சிருவேன்."

"நீங்க தொறந்து விடுங்க" என்றாள், மூடிய கண்ணோடு.

அவர் வீட்டுக்குப் போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்தார். எல்லாப் படத்திலும் அவள் தலை குனிந்திருந்தாள், குனியச் சொன்னது அவருடைய அம்மா. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் குழந்தையைத் தாங்கிப் பிடித்த இரண்டு கைகள்தான் இருந்தன, அல்லது கேக் வெட்டுகிற பிள்ளைக்குப் பின்னால் பாதி முகம். கறுப்பா, பழுப்பா, இமை தடித்ததா, ஓரம் ஏறுமா இறங்குமா, எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். "என்னப்பா கேக்கீங்க?" என்று அவள் கோபப்பட்டாள், கோபப்பட்டாளே தவிர அவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கூடம் நிரம்பியிருந்தது. குத்தாலிங்கம் குளித்து, விபூதி பூசி, பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் எதிர்ப்பக்கம் போகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துப் பார்ப்பதும் வரைவதுமாக இருந்தார். பத்து மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஆவுடைத்தங்கத்தின் இடுப்பில் யாரோ முடிச்சை அவிழ்த்தது போல இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்தாள். எழுந்து நின்றாள்.

கூடத்தில் கைதட்டல், குலவை, யாரோ வாசலில் சிதறு தேங்காய் போட்டார்கள். எல்லோரும் வாசலுக்கு வழி விட்டு விலகினார்கள், அவள் வாசலுக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் நடக்காத காலைத் தரையில் பதித்து, சுவரைப் பிடித்து, பலகையைப் பிடித்து, படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

சேலை அவளுடையது. வளையல் அவளுடையது. முழங்கைத் தழும்பு அவளுடையது. முகத்தில் இருந்த இரண்டு கண்ணும் அவளுடையவை இல்லை. கொஞ்சம் உள்ளே போன, கீழே பை கட்டிய, எப்போதும் யாரோ தாமதமாக வந்துவிட்டது போல் பார்க்கிற கண்கள்.

"இது யாரு கண்ணு?"

குத்தாலிங்கம் சட்டைப் பையைப் பொத்தினார். சவரக் கண்ணாடி வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. "என் கண்ணுதான். வேற யாரு கண்ணை நான் கிட்டத்துல பாத்தேன்? நீதான் தொறக்கவே மாட்டேன்னுட்டியே."

"ஆடி ஒண்ணாந்தேதிதான மூடினேன். அதுக்கு முந்தி முப்பது வருசம் தொறந்துதான வச்சிருந்தேன்?"

அவர் கண்ணாடியைப் பைக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினார். "சரி, விடு. எந்திரிச்சாச்சுலா? யாரு கண்ணா இருந்தா என்ன, வா, வீட்டுக்குப் போவோம்."

போயிருக்கலாம். கால் நடந்தது, இடுப்பு அசைந்தது, தெருவைத் தாண்டினால் வீடு. அவரவர் வீட்டில் படங்களும் கண்ணைத் திறந்திருக்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆவுடைத்தங்கம் வலது கைக் கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கினாள், இன்னும் காயாத அந்தக் கண்ணை, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, அழுத்தி வழித்து எடுத்தாள்.

"தாயி! முகூர்த்தத்துல வச்ச கண்ணு!" என்று வேலாயுதம் சார் அலறினார்.

இடுப்பு பழையபடி இறுகியது. நின்ற இடத்தில் நின்றபடியே அவள் பிடிபட்டாள், ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பயம் நெஞ்சுவரை வந்தது, வந்து நின்றது. ஆனால் இந்தத் தடவை உட்கார்ந்திருக்கவில்லை, பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்சிபா, சின்ன பிரஷ் கொடு. கறுப்பும், கொஞ்சம் பழுப்பும்."

"கண்ணாடி வேணுமாக்கா?" என்றாள் எப்சிபா, கொடுத்துக்கொண்டே.

வேண்டும்தான். கண்ணாடியில் அவள் இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் பொட்டு நடுவில் இருக்கிறதா என்பதை மட்டும். அதற்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று அவளுக்குமே சரியாகத் தெரியாது. அது நினைவுக்கு வந்ததும் யார்மீது என்று இல்லாமல் ஒரு வருத்தம் வந்தது.

"அந்தச் சவரக் கண்ணாடியை எடுங்க" என்றாள் குத்தாலிங்கத்திடம். "என் மொகத்துக்கு நேரா பிடிங்க. ஆடக் கூடாது."

அவர் எடுத்து, தன் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். அதற்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் அவள் முகம், நடுவில் வேறு எதுவும் இல்லாததால் அவருக்குப் பார்க்க வேறு இடம் இல்லை.

"பத்தரை ஆயிட்டு. ராகு காலம் தாயி. பன்னெண்டுக்கு மேல..." என்றார் வேலாயுதம் சார்.

"சார், அந்தப் பஞ்சாங்கத்தை மூடுங்க."

அவர் மூடினார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், தூரிகையைக் கறுப்பில் தோய்த்து ஒரு கோடு போட்டாள், பிடிக்கவில்லை, துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வெளியே மினி பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. கூட்டம் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்தது.

"கை வலிக்குதுளா" என்றார் குத்தாலிங்கம்.

"வலிக்கட்டும்" என்றாள் ஆவுடைத்தங்கம், இடது கண்ணின் ஓரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே.